நர்ஸம்மா எழுதிக் கொடுத்த பிள்ளை

என் மூத்த மகனுக்கு முரளி என்று பெயர் வைத்தவர் நர்ஸம்மா. அப்போது அவன் பிறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் பிறக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு ஒன்றரை வயது, நன்றாக நடக்கிறான், தாய்ப்பால் நிறுத்தியாகிவிட்டது என்றெல்லாம் ஒரு தடித்த நோட்டில் நீல மசியால் எழுதியிருந்தது.

நர்ஸம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் மாதம் தவறாமல் அவர் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு எதையும் யாரிடமும் கேட்க வராது. எல்லோரும் சிஸ்டர் என்றார்கள், நானும் சிஸ்டர் என்றேன். மீன் விற்கும் பெண்கள் மட்டும் நர்ஸம்மா என்பார்கள். என் மனதில் அதுதான் நின்றது.

மயிலாப்பூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் குடும்ப நல நிலையம் இருந்தது. இரண்டு அறை, ஒரு பெஞ்சு, மூலையில் மண்பானை. வாசல் சுவரில் ஆள் உயரத்துக்குக் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்திருப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த முக்கோணம் இல்லாத சுவரே மெட்ராஸில் கிடையாது. பஸ்ஸின் முதுகில்கூட இருக்கும்.

நர்ஸம்மா குள்ளம், நல்ல பருமன். வெள்ளைப் புடவை, கொண்டையில் ஒரு துண்டு கனகாம்பரம். சொந்த ஊர் நொச்சிக்குப்பம். அவருடைய அம்மா கடற்கரைச் சாலையில் மீன் விற்றவர். அந்தக் குரல் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. காற்றையும் அலையையும் தாண்டிப் போகிற குரல். அதை அவரால் குறைக்கவே முடியாது. "மெதுவா சொல்றேன் கேளு" என்று அவர் ஆரம்பித்தால் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ரகசியம் எதையும் அவர் வாயால் சொல்ல மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நம் பக்கம் தள்ளுவார். இன்னொன்றும் போகப் போகத் தெரிந்தது. அவர் வாயில் பொய் வராது. பேனாவில் வரும்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். நேரில் நான்கு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டால் போதும். முகம் தெரியாத மனிதர்களோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். உலகத்தில் எனக்கென்றே செய்த வேலை அது. இரண்டு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ளம்மா என்று அனுப்பிவிட்டார்களாம். அவள் விட்டுப் போன உல்லன் பின்னல் ஒன்று டிராயரில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் டிராயரை மூடிவிடுவேன். இன்னும் ஒன்றரை வருடம் குழந்தை வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் கணவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் கூச்சத்தில் அவர் எனக்கு அண்ணன். எங்கள் மந்தைவெளித் தெருவில் அண்ணாச்சி கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே நிரோத் ஆணுறை அட்டை தொங்கும். சர்க்கார் எல்லோரும் வாங்க வேண்டும் என்றுதான் மளிகைக் கடை வரைக்கும் கொண்டுவந்து வைத்திருந்தது. அவர் மூன்று நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நான்காம் நாள் போய்க் கேட்டார். அண்ணாச்சி நல்ல மனிதர். "உங்களுக்கா தம்பி? கல்யாணமாயி மூணு மாசம்கூட ஆகலியே. அப்பாவுக்குத் தெரியுமா?" என்று அக்கறையாக விசாரித்தாராம். இவர், ஆபீஸில் ஒருவருக்கு என்று சொல்லிவிட்டு அதையும் வாங்காமல் வந்துவிட்டார். மருந்துக் கடைக்கு அனுப்பினேன். அங்கே கல்லாவில் இருந்தவர் என் மாமனாரோடு பஜனைக்குப் போகிறவர்.

அதனால்தான் நான் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன்.

அன்றைக்கு டாக்டரம்மா இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கண்டிப்பானவர். முதலில் என் கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கிறதா என்று. பிறகு எத்தனை குழந்தை என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். முதல் குழந்தை பிறந்த பிறகு வா, அதற்கு முன்னால் இங்கே ஒன்றும் தருவதில்லை, இந்த வயதில் இதெல்லாம் என்ன யோசனை என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். மேலிடத்து உத்தரவா, அவருடைய சொந்த வழக்கமா, எனக்குத் தெரியாது. எழுந்து வந்தேன். கண் நிறைந்துவிட்டது.

வெளி அறையில் நர்ஸம்மா கூரை இடிய, "அதான் டாக்டர் சொல்லிட்டாங்க இல்ல, கெளம்பும்மா, கெளம்பு" என்று விரட்டினார். விரட்டிக்கொண்டே என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தினார். சந்து முனைக்கு வந்து பிரித்தேன். 'வெள்ளிக்கிழமை வரவும். பத்துக்கு மேல் டாக்டர் அடையாறு சென்டருக்குப் போய்விடுவார். அழக் கூடாது.'

வெள்ளிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு போனேன். நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"இன்னா கண்ணு, எத்தினி கொயந்த?"

"எனக்குத்தான் இல்லையே சிஸ்டர்."

"இல்லன்னா இன்னா? எழுதிக்கலாம்" என்றார். "ஆம்பளப் புள்ள. ஒன்ற வயசு. பேர் சொல்லு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெறாத பிள்ளைக்கு எப்படிப் பெயர் சொல்வது? நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார், சாடை யாருடையது என்று பார்ப்பது போல. "முரளி. நல்லாகீதா?" என்று கேட்டு எழுதிவிட்டார். பிறகு விலாசம் எழுதச் சொல்லி நோட்டை என் பக்கம் திருப்பினார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். மற்றவர்கள் எல்லாம் 'கோயில் பின்புறம்', 'குப்பம்', 'பால் டிப்போ எதிரில்' என்று எழுதியிருந்தார்கள். அப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள். படிவம் என்றால் முழுதாக நிரப்ப வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். கதவு எண், குறுக்குத் தெரு, மாமனார் பெயர், எல்லாவற்றையும் குண்டு குண்டாக எழுதினேன்.

ஒரு மாதத்துக்கு வேண்டியதை எடுத்து, மருந்துப் பொட்டலம் மாதிரி செய்தித்தாளில் மடித்து, மேலே 'பேதி மருந்து' என்று எழுதிக் கொடுத்தார். தலைவலி மருந்து என்று எழுதினால் வீட்டில் யாராவது எனக்கும் ஒன்று கொடு என்பார்கள், பேதி மருந்தைப் பங்கு கேட்கிறவர் யாரும் இல்லை என்பது அவர் அனுபவம். அது உண்மைதான். ஆனால் எட்டு வயதான என் நாத்தனார் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி, கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். என் பையில் இருந்ததையும் படித்துவிட்டாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துச் சொன்னதும், மருமகளுக்கு வயிறு சரியில்லை என்று கவலைப்பட்டு அன்றிலிருந்து தினமும் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தார். நானும் குடித்தேன். மறுக்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் அந்தப் பொட்டலத்தை ஒளித்துக் கொண்டுவருகிறேன்?

வெள்ளிக்கிழமை பெஞ்சில் என்னைப் போலவே நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லாம் புதிதாகக் கல்யாணமானவர்கள். மாமியார் வீட்டில் ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். எல்லோருக்கும் நர்ஸம்மா ஒரு பையனைக் கொடுத்திருந்தார். பையன் மட்டும்தான். ஒருத்தி, எனக்குப் பெண் குழந்தை என்று எழுதுங்கள் சிஸ்டர், பெண் என்றால் எனக்குப் பிடிக்கும் என்று கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கும்தான் புடிக்கும். வூட்ல ரெண்டும் பொண்ணுதான். போதும்னு நிறுத்திட்டேன், எங்க மாமியா இன்னிவரிக்கும் என்னாண்ட பேசறதில்ல" என்றார் நர்ஸம்மா. "நோட்டுல பொண்ணுன்னு போட்டா, டாக்டரு இன்னா சொல்வாங்க? ஒரு பையன் பொறக்கட்டும், அப்பால வான்னு அனுப்பிடுவாங்க. பேசாம பையன வெச்சுக்கோ."

பேருக்கு எழுதியதோடு அவர் விட்டுவிட மாட்டார். மாதாமாதம் பையன்களை வளர்ப்பார். முரளிக்குக் கடைவாய்ப்பல் முளைத்தது, இரண்டிரண்டு வார்த்தையாகச் சேர்த்துப் பேச ஆரம்பித்தான், ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்துச் சரியானான். எல்லாம் நோட்டில் இருக்கும். "பையன் எப்படி கீறான்?" என்று நிஜமாகவே கேட்பார். முதல் மாதம் விழித்தேன். நான்காம் மாதம், "சேட்டை ஜாஸ்தி சிஸ்டர்" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. பெஞ்சே சிரித்தது. அவ்வளவு பேர் முன்னால் நான் சொல்லிச் சிரித்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் போனார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இந்த வட்டாரத்தில் இளம் பெண்களுக்கெல்லாம் தலைப்பிள்ளை ஆண்பிள்ளையாகவே இருக்கிறதே, என்ன விஷயம் என்று கேட்டார். நர்ஸம்மா எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். அவருக்கு வாயில் பொய் வராதே.

"இங்க மீனு நல்லா கெடைக்கும் சார்" என்றார்.

அது பொய் இல்லை. அதிகாரி அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டு போனார்.

அவருடைய மேஜை டிராயரில் ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கயிறு இருக்கும், நுனியில் ஒரு துண்டு விரலி மஞ்சள் முடிந்தது. அது எதற்கு என்று பல நாள் எனக்கு விளங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தி.நகரில் ஜவுளிக் கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். தெற்கத்திப் பேச்சு. கழுத்தில் மஞ்சள் கயிறு பளபளவென்று இருந்தது. நர்ஸம்மா அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதித் தள்ளினார். அவள் படித்துவிட்டுக் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். 'கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையவில்லை. டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். என்னுடையதைப் போட்டுக்கொள்.'

டிராயரில் இருந்த கயிறு நன்றாக எண்ணெயும் சோப்பும் பட்டுப் பழசாகி இருந்தது. அதற்காகவே நர்ஸம்மா அதைப் பழசாக்கி வைத்திருந்தார். அவள் மண்பானைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், அடையாறு போன டாக்டரம்மா எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். போகிற போக்கில் அவள் கழுத்தைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, எட்டு மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிற செய்தியே அப்போதுதான் தெரியும்.

"அண்ணன் பாத்துக்கிடுதான்" என்றாள். அண்ணனா, ஆண்பிள்ளை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று டாக்டர் கேட்பதற்குள் நான் இருமினேன். எனக்குத் தெரிந்த ஒரே உதவி. இரண்டு நிமிடம் விடாமல் இருமினேன். டாக்டர் எனக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவளும் அதே கடையில் வேலை செய்கிற ஒருவனும் கல்யாணம் செய்துகொள்ள இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒப்பவில்லை. அடுத்த வருடம் அவள் சொந்தக் கயிறோடு வந்து, இரவல் கயிறு நினைவாக நர்ஸம்மாவுக்கு அல்வா கொடுத்தாள். அதற்குள் அவளுடைய பையனுக்கு ஒன்றே முக்கால் வயது.

இப்படியே என் இரண்டு வருடமும் போயிருக்கும். ஆனால் நான் போக ஆரம்பித்த ஆறாம் மாதமே, நர்ஸம்மா உறவில் ஒரு கல்யாணம் என்று நான்கு நாள் லீவு போட்டார். அந்த நான்கு நாளில் அம்மைத் தடுப்பூசிக்காரர்களுக்கு வட்டாரத்துக் குழந்தைகளின் பட்டியல் வேண்டியிருந்தது. டாக்டரம்மா நர்ஸம்மாவின் நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவு பொறுப்பாக எழுதிய நோட்டு வேறு எங்கே கிடைக்கும்? பட்டியலை வைத்துக்கொண்டு ஊசிக்காரர் அலைந்திருக்கிறார். 'கோயில் பின்புற'த்தில் யாரை என்று தேடுவது? கதவு எண்ணோடு ஒரே ஒரு விலாசம்தான் இருந்தது.

நான் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் எங்கள் கூடத்தில் கட்டிலுக்குக் கீழே குனிந்து, "முரளிக்கண்ணு, மாமா ஊசி போட மாட்டேன், மிட்டாய் தரேன், வெளிய வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊசிக்குப் பயந்து குழந்தைகளை ஒளித்து வைப்பது அப்போது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதனால் இங்கே முரளி என்று யாரும் இல்லை என்று அத்தை சொல்லச் சொல்ல, அவருக்குச் சந்தேகம் வலுத்துக்கொண்டே போயிருக்கிறது. அரிசி டிரம்மைத் திறந்து பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் பட்டியலில் என் பெயரைப் படித்து, நீங்கள்தானே தாயார் என்று கேட்டார். நான் நகர்ந்து அத்தைக்குப் பின்னால் போய் நின்றேன். நாளன்றைக்கு சிஸ்டரோடு வருவேன், அப்போது எங்கே ஒளிப்பீர்கள் என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. முரளிக்குப் பட்டியல்படி இரண்டு வயது முடிந்திருந்தது. இந்தக் கணக்கைப் போட அத்தைக்கு எழுத்து தேவையில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அன்று ஓமத் தண்ணீர் வரவில்லை. என் கணவர் விஷயம் கேள்விப்பட்டு, கிணற்றடியில் நின்று ஒரே காலை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்தப் பொட்டலத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்த நான், இப்போது இந்த வீடே போய்விடும் என்று பயந்தேன். டெலிபோனில் சொல்வதாக இருந்தால் நானே சொல்லியிருப்பேன். அத்தை நேரில் இருந்தார்.

மூன்றாம் நாள் நர்ஸம்மா தனியாக வந்தார். தெருமுனையிலேயே குரல் கேட்டது, எங்கள் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு. அத்தை அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"வராதும்மா. எங்கம்மா மீனு வித்தவங்க" என்றார் நர்ஸம்மா. பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். முத்திரை எல்லாம் குத்தி, நடந்தது எழுத்துப் பிழை, வேறு வீட்டுக் குழந்தையின் பெயர் தவறுதலாக இந்த விலாசத்தில் ஏறிவிட்டது என்று அழகாக எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. பேனா காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அத்தை காகிதத்தை வாங்கி ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார், மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க என் மூஞ்சியப் பார்த்து வாயால சொல்லுங்க. முரளி யாரு?"

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்த்துவிட்டது. அவர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் என் புள்ளம்மா" என்றார். "நான் பேனாவுல பெத்தது. உன் மருமவளுக்கு இன்னும் ஒரு புள்ளையும் பொறக்கல. வேல நெரந்தரம் ஆவுற வரிக்கும் தள்ளிப் போடலாம்னு வந்துச்சு. புள்ள இல்லாதவங்களுக்குக் குடுக்க மாட்டோம்னு தொரத்துனாங்க. அதான் ஒண்ண எழுதிக் குடுத்தேன். தப்பு பண்ணது நானு. அது வெலாசம் எழுதுனத தவிர ஒரு தப்பும் பண்ணல."

அடுத்த வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். அத்தை என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"அப்போ அந்தப் பேதி மருந்து?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வயித்துல ஒண்ணும் இல்லியா உனக்கு? ஆறு மாசமா ஓமத் தண்ணி காய்ச்சிக் குடுத்தேனேடி."

நர்ஸம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் குரல் மாதிரியே, அடக்க முடியாதது. அத்தை முதலில் முறைத்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தோள் குலுங்கியது. காப்பியோடு திரும்பி வந்தார். மூன்று டம்ளர். எனக்கும் ஒன்று.

வேலை நிரந்தரமானால் சம்பளம் கூடுமா என்று மட்டும் என்னைக் கேட்டார். பிறகு நர்ஸம்மாவை வழியனுப்பத் தெருமுனை வரை கூடவே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தைதான் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா வாயை மூடிக்கொண்டு கேட்பதை அன்றுதான் பார்த்தேன். தலையைத் தலையை ஆட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு பொட்டலம் கிடைத்தது. ஒன்றில் வழக்கம் போலப் 'பேதி மருந்து' என்று இருந்தது. இன்னொன்றில் ஒன்றுமே எழுதவில்லை. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"எழுதாதது எழுத்து தெரியாதவங்களுக்கு" என்றார். "அவங்களுக்கு நான் புள்ள எழுத வேணாம். நாலு நெசமாவே கீது."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தைக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. மருமகள் வந்த வீட்டில் மாமியாரும் மசக்கையாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை அவர் எத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாரோ. பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சாமி விளக்குக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. அதைப் பற்றி நானும் அத்தையும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓமத் தண்ணீர் நின்றுபோய், ஷிப்டுக்குக் கிளம்புகிற காலைகளில் எனக்கு ஹார்லிக்ஸ் வர ஆரம்பித்தது.

வேலை நிரந்தரமாயிற்று. அதற்கு அடுத்த வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள், தலைச்சன் பெண்ணா என்று இழுத்தார்கள். அத்தை தொட்டிலை ஆட்டிக்கொண்டே என் காதருகே குனிந்து, "பையனத்தான் ஏற்கெனவே பெத்தாச்சே" என்றார்.

மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்ஸம்மாவைப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமைதான். அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "என் நோட்டுல பொண்ணே இல்லாம கெடந்துச்சு. வந்துட்டா பாரு" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். முதல் தடவையாக என் பெயருக்கு நேரே 'பெண்' என்று எழுதினார். எழுதிவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. நோட்டுப்படி எனக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இரண்டு ஆனவர்களை ஆபரேஷனுக்கு அனுப்பு என்று டாக்டரம்மா நெருக்க ஆரம்பித்திருந்தார். முரளி போயாக வேண்டும். பெயரை அடிக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். சுலபமான காரணம் ஒன்று இருந்தது, ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைத் தன் பையன்கள் யாருக்கும் அவர் எழுதியதில்லை என்று பெஞ்சில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒருவன் திருத்தணியில் பெரியம்மாவிடம் வளர்கிறான், ஒருவனைச் சுவீகாரம் கொடுத்தாயிற்று, ஒருவன் காஞ்சிபுரத்தில் வேத பாடசாலையில் சேர்ந்துவிட்டான். ஆளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்.

பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார். 'முரளி. தாய்மாமன் வீட்டில் வளர்கிறான்.'

அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். அவன் போவது போலவே இருந்தது. அதோடு, படிவத்தில் தப்பிருந்தால் சொல்லிவிட வேண்டும் என்ற பழைய பழக்கமும் என்னை விடவில்லை.

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாதே சிஸ்டர்."

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பல்லால் பேனாவின் மூடியை மறுபடியும் கழற்றினார்.

"இல்லன்னா இன்னா கண்ணு?" என்றார். "பேர் சொல்லு."